முந்நூறு மீட்டர்

முதல் அடி விழுந்தபோது குணாளன் கூடாரத்தின் இரும்புக் காலில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அடி விழுந்தது ஜெயபாலனின் கன்னத்தில். தலையில் ஒரு கட்டு, வலக்கையில் மாவுக்கட்டு, ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த தொளதொள சட்டை என்று வந்து நின்ற மனிதன் சாவு வீட்டு வாசலில் செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. வேலு நாற்காலியிலிருந்து எழுந்து நேரே போய் ஒரு வார்த்தை பேசாமல் அறைந்தான். இரண்டாவது அறையில் தலைக்கட்டு அவிழ்ந்து காதோரம் தொங்கியது. மூன்றாவதற்கு ஜெயபாலன் சுவரில் மோதி, சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டான்.

வேலு, இறந்துபோன திருச்செல்வத்தின் மனைவிக்குத் தம்பி. பொந்தியானில் லாரி ஓட்டுகிறவன், கையும் அதற்கேற்ற கை. ஜெயபாலன் பதினோரு வருஷமாகத் திருச்செல்வத்தோடு ஒரே படகில் கடலுக்குப் போனவன். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேர் போனார்கள், ஒருவன்தான் உயிரோடு திரும்பினான். அப்படித் திரும்பியவனுக்குச் சாவு வீட்டில் என்ன மரியாதை கிடைக்குமோ அது அவனுக்குக் கிடைத்தது.

“படகு மிஷின் புடிச்சது நீதானே? பார்டர் தாண்டிக் கொண்டுபோய் விட்டது நீதானே?” என்று கேட்டான் வேலு.

“தாண்டல வேலு. அண்ணன் அடையாளம் பாத்துத்தான் நிறுத்தச் சொன்னாரு.”

“என்ன அடையாளம்? சொல்லு பாப்போம்.”

ஜெயபாலன் உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான். “அத நான் சொல்லக்கூடாது.”

அதற்குப் பிறகு வேலு கையை விட்டுவிட்டுக் காலால் பேசினான். மாவுக்கட்டின் மேலேயே ஓர் உதை விழ, ஜெயபாலன் போட்ட சத்தத்தில் உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். உருமி மேளக்காரர்கள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சேர்ந்து வேலுவை இடுப்போடு பிடித்து இழுத்துப் போனார்கள். போகும்போதும் அவன் கால்கள் காற்றில் உதைத்துக்கொண்டுதான் இருந்தன.

குணாளன் அசையவில்லை. இறந்தவனுக்குக் கூடப்பிறந்த தம்பி அவன். முதல் ஆளாகப் போய் அடித்திருக்க வேண்டும், அல்லது முதல் ஆளாகப் போய்த் தடுத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், ஏற்கெனவே கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு நின்றான். ஜெயபாலன் சொல்ல மறுத்த அடையாளம் எதுவென்று அவனுக்குத் தெரியும். அதை இடம் மாற்றி வைத்தவனே அவன்தான்.

கடலில் வேலி கிடையாது. இந்த நாடும் அந்த நாடும் மேசை போட்டு உட்கார்ந்து, வரைபடத்தில் கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். தண்ணீரில் அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது மீன்காரன் பாடு. கைபேசியைப் பார்த்தால் தெரியாதா என்று படித்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கைபேசி, கோட்டுக்கு வெகு முன்பே எதிர்க்கரையோடு உறவு வைத்துக்கொண்டு, எங்கள் நாட்டுக்கு நல்வரவு என்று செய்தி அனுப்பிக் காசைத் தின்னும். கரையை விட்டதும் திருச்செல்வம் அதை அணைத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிடுவான். அவனுக்குத் தன் கண்தான் கணக்கு.

கரைக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து மேட்டில் ஒரு தொலைபேசி டவர் நிற்கிறது. அதற்கு நேர் முன்னால், கடலைத் தூர்த்த மண்ணில், ஒரு சிவப்புக் கிரேன். தூர்க்கும் வேலை பாதியில் நின்று, கம்பெனிக்காரன் போட்டது போட்டபடி போய்விட, அந்தக் கிரேன் ஆறு வருஷமாகத் துருப்பிடித்து அங்கேயே நின்றது. கடலிலிருந்து பார்க்கும்போது டவர் கிரேனுக்கு இடப்பக்கம் தெரிந்தால் நிற்பது நம் கடல். இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்தால் அதுதான் கோடு. டவர் வலப்பக்கம் வந்துவிட்டால் அடுத்தவன் வீட்டுக்குள் நிற்கிறாய் என்று அர்த்தம். கோட்டை ஒட்டிய பள்ளத்தில்தான் காலா மீன் கிடைக்கும் என்பதால், திருச்செல்வத்துக்கு இந்த அடையாளம்தான் சோறு போட்டது.

இப்படிப்பட்ட அடையாளத்தை மீன்காரன் வெளியில் சொல்ல மாட்டான். சொன்னால் மறுநாளே அந்த இடத்தில் பத்துப் படகு நிற்கும். திருச்செல்வத்தின் அடையாளம் நான்கு பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, ஜெயபாலனுக்கு, அவனோடு ஆறு வருஷம் வலை இழுத்த தம்பி குணாளனுக்கு, பள்ளி விடுமுறையில் அப்பாவோடு படகேறும் மகள் லோஷினிக்கு.

எட்டு மாதத்துக்கு முன் தூர்க்கும் வேலை மறுபடி தொடங்கியது. கனரக வாகன உரிமம் கையில் வைத்திருந்த குணாளன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். கடலைத் தூர்க்கிற சம்பளத்தில் வாங்கிய சோறு என் வீட்டுக்குள் வரக்கூடாது என்றான் அண்ணன். வலையில் மீன் இருந்தால் நான் ஏன் போகிறேன் என்றான் தம்பி. வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு பேருக்கும் அப்பன் கொடுத்த ஒரே சொத்து ரோஷம். வேலை பார்த்த காஹாங் தோட்டத்தை விற்று ஆட்களை வெளியே அனுப்பியபோது மேலாளர் முகத்தில் சம்பளக் கவரை விட்டெறிந்துவிட்டு, மூட்டையோடு பொந்தியான் கடற்கரைக்கு வந்த மனிதர் அவர்.

போன வாரம் திங்களிலிருந்து வியாழன்வரை காற்றும் மழையும். படகு எதுவும் இறங்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் மழை சற்று விட்டபோது, மெக்கானிக் மூன்று வாரம் உட்கார்ந்து உயிர் கொடுத்த அந்தச் சிவப்புக் கிரேனைக் கிழக்கே முந்நூறு மீட்டர் கொண்டுபோகச் சொன்னார் மேற்பார்வையாளர். சங்கிலிச் சக்கரத்தில் ஊர்கிற வண்டி. இரண்டு மணி நேரம் ஆனது. ஓட்டியது குணாளன்.

அவனுக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஓட்டுநர் பெட்டியிலிருந்து திரும்பிப் பார்த்தபோது டவர் பின்னால் தனியாக நின்றது. கைபேசியை எடுத்தான். அண்ணன் பெயருக்கு மேல் விரலை வைத்தான். வாசப்படி மிதிக்காதே என்றவன் முதலில் கூப்பிடட்டும் என்று தோன்றியது. கடல்தான் இப்படி இருக்கிறதே, எவன் போகப்போகிறான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. வியாழக்கிழமை இரும்புத் தகடுகளைக் கரையில் இறக்கும் அவசரத்தில் மறந்தே போனான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதே பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அடித்தது. எட்டு மாதம் கழித்து அந்த வீட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு. லோஷினி பேசினாள்.

நடந்ததைச் சனிக்கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஜெயபாலன் அவனிடம் சொல்லியிருந்தான். நான்கு நாள் ஆட்டத்துக்குப் பிறகு கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்ததாம். கரையில் லேசான மூட்டம். திருச்செல்வம் படகின் முனையில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, டவர் இடப்பக்கம் நன்றாக விலகித்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் போகலாம் என்றானாம். வலை பாதி இறங்கியபோது அந்தப் பக்கத்து ரோந்துப் படகு வந்தது. ஒலிபெருக்கியில் வெளியேறச் சொன்னார்கள். திருச்செல்வம் முதலில் சிரித்தான். நான் என் நாட்டில் நிற்கிறேன், வெளியேற வேண்டியது நீங்கள்தான் என்று மலாயில் பதில் கொடுத்தான்.

ரோந்துப் படகு வேகமெடுத்து அவர்களைச் சுற்றியது. அலை எழுந்து படகுக்குள் கொட்டியது. மீன்பெட்டி மிதந்தது. வலையை வெட்டிவிட்டுப் போய்விடலாம் என்று ஜெயபாலன் கெஞ்சினான். வெட்டினால் தப்புச் செய்தவன் என்று ஆகிவிடும், இது நம் இடம் என்று திருச்செல்வம் கரையைக் கை நீட்டிக் காட்டினான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மூன்றாவது சுற்றில் அந்தப் படகு திரும்பவில்லை, நேரே வந்தது. இரும்பு முனை ஃபைபர் படகை நடுவில் பிளந்தது. நீட்டிய கையோடு நின்றவன் அடியில் போனான். அடியில் அந்தப் படகின் மிஷின் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

தண்ணீர் முதலில் சிவந்தது, பிறகுதான் ஆள் மேலே வந்தான். கழுத்திலிருந்து இடது விலாவரை திறந்து கிடந்தது. கொக்கியால் சட்டையை மாட்டி இழுத்துத் தங்கள் படகில் போட்டு மழைத்தாளால் மூடினார்கள். ஜெயபாலனின் ஒரு கை முறிந்திருந்தது. முறியாத கையைக் கம்பியோடு விலங்கு போட்டு, அந்த மழைத்தாளுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். அலை தள்ளியதால் நேர்ந்த விபத்து என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளே நம் பக்கத்துக் கடல் போலீஸ் மூலமாக இருவரையும் ஒப்படைத்தார்கள். போலீஸ் அதிகாரி நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, ஒரு வரைபடத்தைத் திருச்செல்வத்தின் மனைவி புவனேஸ்வரியிடம் விரித்துக் காட்டினார். ஒரு கறுப்புக் கோடு, கோட்டுக்கு அப்பால் ஒரு சிவப்புப் புள்ளி. தொள்ளாயிரம் மீட்டர். வேறு இடமாக இருந்தால் எங்கள் கோடு வேறு உங்கள் கோடு வேறு என்று மேலிடத்தில் வழக்காடலாம், இந்த இடத்தில் மட்டும் இரண்டு நாட்டுக்கும் தகராறே இல்லையம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தாளைத்தான் புவனேஸ்வரி நான்காக மடித்து இடுப்பில் செருகியிருந்தாள்.

கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. தாடைவரை வெள்ளைத் துணி. ஆஸ்பத்திரியில் உடுத்திவிடும்போது குணாளன் துணிக்குக் கீழே இருந்ததைப் பார்த்திருந்தான். கிழிந்த வலையை அவசரத்தில் தைத்தது போல் எட்டி எட்டிப் போட்ட தையல். அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் லோஷினி உட்கார்ந்திருந்தாள். பதினேழு வயது. அவள் கை அடிக்கடி தன் உச்சந்தலைக்குப் போய் எதையோ தடவிப் பார்த்துவிட்டு இறங்கியது.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் காற்றில் இழுபட்டுக் கோட்டைத் தாண்டிய திருச்செல்வத்தை அந்தப் பக்கம் பதினேழு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். புவனேஸ்வரி அன்னாசித் தொழிற்சாலையில் விடுப்புச் சொல்லிவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்து மீட்டாள். வீடு வந்தவனைக் குளிக்கக்கூட விடாமல், மகள் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினாள். இனிமேல் தெரிந்து அந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன் என்றான். இப்போது வந்திருந்த பெண்களில் யாரோ ஒருத்தி, பொய்ச் சத்தியம் பிள்ளையை விடாது என்று குசுகுசுத்திருக்கிறாள். குசுகுசுப்பு பிள்ளையின் காதில் நன்றாகவே விழுந்திருந்தது.

சடங்கு செய்யும் பண்டாரம் அரிசித் தட்டோடு வந்தார். வெளியே உருமி நின்றது. முதல் வாய்க்கரிசி பெண்டாட்டி போட வேண்டும். வாசலில் நின்றவர்களும் உள்ளே நெருங்கினார்கள். வேலு வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜெயபாலனும் வந்து கதவோரம் நின்றான்.

“நான் போடமாட்டேன்,” என்றாள் புவனேஸ்வரி.

பண்டாரம் மெதுவாக ஏதோ எடுத்துச் சொன்னார். அவள் மூன்று நாளாக அழவில்லை. கண் வறண்டு சிவந்திருந்தது. இடுப்பிலிருந்து தாளை உருவிப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள்.

“புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாரு. இந்தா, போலீஸ் குடுத்த பேப்பர். தொள்ளாயிரம் மீட்டர் தாண்டியிருக்காரு. மீனுக்காகப் புள்ள தலைய அடமானம் வச்சவருக்கு என் கையால அரிசி எதுக்கு?”

லோஷினிதான் பேசினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவரிடம் மன்னிப்புக் கேட்பவள் மாதிரி தாழ்ந்த குரலில், அவர் இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்ததைப் போட்டு உடைத்தாள்.

“அப்பா பொய் சொல்லலம்மா. அவரு டவர் பாத்துத்தான் நிப்பாரு. கிரேனுக்கு இடப்பக்கம் டவர் இருந்தா நம்ம எடம். ஜெயபாலன் அங்கிள் சொல்றாங்கல்ல, இடப்பக்கம் இருந்துச்சுன்னு.”

ஜெயபாலன் கண்ணை மூடிக்கொண்டான். உதை வாங்கிக் காப்பாற்றிய ரகசியம் போய்விட்டது. ஆனால் தலையை ஆட்டினான்.

“அப்ப போலீஸ் மிஷின் பொய், அந்த நாட்டு மிஷின் பொய், உங்கப்பா கண்ணு மட்டும் மெய்யா?” புவனேஸ்வரி மகள் பக்கம் திரும்பினாள். “டவர் ஓடிப் போவுமா? ஆறு வருசமா துருப்புடிச்சு நிக்கிற கிரேன், அது என்ன எழுந்திரிச்சு நடந்தா போச்சு?”

குணாளன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. கிரேன் இடம் மாறியது கடலிலிருந்து பார்த்தால்தான் உறைக்கும், அந்த இடத்திலிருந்து பார்க்க இனி ஆளும் இல்லை. ஜெயபாலன் ஊரை விட்டுப் போவான். அண்ணி அரிசி போடமாட்டாள். லோஷினியின் கை மறுபடியும் உச்சந்தலைக்குப் போயிற்று.

“நடந்துச்சு அண்ணி,” என்றான்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

“புதன்கெழம கிழக்க முந்நூறு மீட்டர் தள்ளி வச்சோம். ஓட்டிட்டுப் போனது நான்தான். அண்ணன் நின்ன எடத்துலருந்து பாத்தா டவர் இடப்பக்கம்தான் தெரிஞ்சிருக்கும். அவரு தெரிஞ்சு தாண்டல. சத்தியத்த மீறல.”

ஜெயபாலனுக்குத்தான் முதலில் விளங்கியது. அந்த ஆளுங்க மிஷின்தான் பொய் சொல்லுதுன்னு மூணு நாளா நெனச்சிட்டிருந்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புவனேஸ்வரி எழுந்து குணாளனுக்கு எதிரே வந்து நின்றாள். கத்தவில்லை.

“என் நம்பரு உங்கிட்ட இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“அவரு வேணாம். என் நம்பரு இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு அண்ணி.”

வேலு அதற்குமேல் பொறுக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த மாற்றுத் துடுப்பை எடுத்துக் குணாளனின் தோளில் இறக்கினான். எலும்பில் பட்ட சத்தம் எல்லாருக்கும் கேட்டது. விழுந்தவனைச் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனான். இந்தத் தடவை வேலுவை யாரும் பிடிக்கவில்லை. கூடவே இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் வயிற்றில் மிதித்தான். வேலு முகத்தில் குத்தினான், நிறுத்தாமல், லாரியில் மூட்டை ஏற்றும்போது எண்ணுகிற மாதிரி ஒரே சீராகக் குத்தினான். குணாளனின் வாய்க்குள் ஏதோ உடைந்து நாக்கில் உருண்டது. சிமென்டுத் தரையில் அவனுடைய ரத்தமும், முன்பே காய்ந்திருந்த ஜெயபாலனின் ரத்தமும் கலந்தன. அவன் கையைத் தூக்கவில்லை. அடி விழ விழ வெள்ளிக்கிழமையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது கொஞ்சம் இறங்குவது போலிருந்தது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கமாக இருந்தது.

நிறுத்தியது ஜெயபாலன். முறியாத கையால் துடுப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

“போதும் வேலு. அண்ணன் உள்ள கெடக்குறாரு.”

உள்ளே அழுகைச் சத்தம் எழுந்தது. புவனேஸ்வரியின் குரல். குணாளன் தரையில் கிடந்தபடியே கதவு வழியாகப் பார்த்தான். அவள் கை நிறைய அரிசி அள்ளி அண்ணனின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அரிசி நிற்காமல் கன்னத்தில் உருண்டு துணிக்குள் போனது. அவள் விடாமல் மறுபடி அள்ளினாள். அன்னாசிச் சாறு அரித்துப் போன அந்த விரல்களால் அவன் வாயைத் தடவித் தடவி, மூன்று நாளாகத் திட்டியதற்கெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு பெட்டியின் மேல் தலையை மோதிக்கொண்டு அழுதாள். பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

கிளம்பும் நேரத்தில் மறுபடி தகராறு வந்தது. திருச்செல்வத்துக்கு மகன் இல்லை. கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி. கொன்றவன் கையால் கொள்ளியா, இவன் பானையைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று வேலு குறுக்கே நின்றான். நானே வைக்கிறேன் என்றான். புவனேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“அவன்தான் வைக்கணும். வச்சிட்டு, எரியிற வரைக்கும் நின்னு பாக்கட்டும்.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். சண்டை நடந்த அந்த எட்டு மாதத்திலும்கூட, கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், சாப்பிட்டியா தம்பி என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். அந்த வார்த்தை அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை.

சுடுகாட்டில் தண்ணீர்ப் பானையை இடத்தோளில் வைத்துக்கொண்டான். வலத்தோள் தூக்க வரவில்லை. பண்டாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை போட, தண்ணீர் முதுகில் வழிந்து சட்டையில் காய்ந்த ரத்தத்தைக் கரைத்துக் காலடியில் இளஞ்சிவப்பாகச் சொட்டியது. திரும்பிப் பார்க்காமல் தீ வைக்க வேண்டும் என்பது முறை. வைத்துவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். அவன் மட்டும் அண்ணி சொன்னபடி, முறையை மீறித் திரும்பி, எரியும்வரை நின்று பார்த்தான். வேலு தூரத்தில் லாரியில் சாய்ந்துகொண்டு அவன் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அஸ்தி கரைக்கப் போனார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் தன் படகைக் கொடுத்தார். ஜெயபாலன் இடது கையால் மிஷினைப் பிடித்தான். நடுவில் மண்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு லோஷினி. முனையில் ஒரு கண் வீங்கி மூடிப்போன குணாளன். புவனேஸ்வரி கரையிலேயே நின்றுவிட்டாள். அப்பா நின்ற இடத்தில்தான் கரைக்க வேண்டும் என்று லோஷினி கேட்டிருந்தாள். அது முடியாது, கோடுவரை கூட்டிப் போகிறேன் என்று போலீஸ் அதிகாரி சொல்லி, தன் படகில் முன்னால் போனார்.

கரையோரச் சதுப்பு மரங்கள் தாண்டியதும் தூர்த்த மண் தெரிந்தது. சிவப்புக் கிரேன் வேலை செய்துகொண்டிருந்தது. இன்று அதில் வேறொருவன். அதன் நீண்ட கை இரும்புத் தகடு ஒன்றைத் தூக்கி, நிதானமாகத் தண்ணீர் ஓரத்தில் நட்டது. நட்ட சத்தம் சற்றுக் கழித்துத்தான் அவர்களிடம் வந்து சேர்ந்தது.

முக்கால் மணி நேரத்தில் போலீஸ் படகு நின்றது. அதிகாரி கருவியைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். இதற்குமேல் போகக்கூடாது. ஜெயபாலன் மிஷினை அணைத்தான். நாலா பக்கமும் ஒரே தண்ணீர். இது வேறு, அது வேறு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

குணாளன் சட்டியை வாங்கிக் கவிழ்த்தான். சாம்பல் சற்று நேரம் படகை ஒட்டியே நின்றது. பிறகு நீரோட்டம் பிடித்து, அதிகாரி கைகாட்டிய திசையைத் தாண்டி, அந்தப் பக்கமாகவே போனது. ஜெயபாலன் அதைப் பார்க்காமல் மிஷின் கயிற்றைச் சுற்றினான்.

லோஷினி கரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கோட்டின் மேல் நின்றபோதும் டவர் கிரேனுக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். டவருக்கும் கிரேனுக்கும் நடுவில் இருந்த வெளியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பொருத்திப் பார்த்தாள். இரண்டு விரல் சரியாக இருந்தது. கையை இறக்கி, அந்த இரண்டு விரல்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, படகோரத்தில் குனிந்து தண்ணீரில் நனைத்து, சித்தப்பாவின் உதட்டில் மறுபடி கசிந்திருந்த ரத்தத்தைத் துடைத்தாள்.